வாடிப்பட்டி சர்வரும் வெளியே திறக்காத போர்ட்டும்

போன மாதம் கொட்டாம்பட்டியிலிருந்து சதீஷ் போன் செய்தான். மதுரையில் நான் வேலை பார்த்த நெட்வொர்க் கம்பெனியில் எனக்குப் பின்னால் சேர்ந்தவன். இப்போது அங்கே மூத்த ஆள் அவன்தான். ஒரு பெட்ரோல் பங்கில் நின்றுகொண்டு பேசினான்.

"அண்ணே, கேமரா பாக்ஸுக்கு போர்ட் ஃபார்வர்டு போட்டாச்சு. நான் பாத்தா வருது. ஓனர் மதுரையிலேருந்து பாத்தா வர மாட்டேங்குது. அவருக்கு போன்ல பாக்கத் தெரியலைனு நெனைக்கிறேன்."

"நீ எங்கேருந்து பாத்த?"

"இங்க பங்க்லேருந்துதான்."

"பங்க் வைஃபையிலயா, உன் சிம்லயா?"

லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது மட்டும் கேட்டது. "வைஃபையிலண்ணே" என்றான். பிறகு அவனே வைஃபையை அணைத்துப் பார்த்து, அவனே தவறைக் கண்டுபிடித்து, அவனே சரிசெய்தான். சாயங்காலம் மறுபடி கூப்பிட்டு, "இப்பல்லாம் எல்லாம் கிளவுடுக்குப் போயிருச்சு. புதுசா வந்த பயலுகளுக்கு இந்த வேலையே தெரியலண்ணே. நீங்க பாத்த கேஸையெல்லாம் எழுதி குரூப்புல போடுங்களேன்" என்றான். சரி என்றேன். எழுத உட்கார்ந்தபோது குரூப்பில் போடும் அளவுக்கு அது சின்னதாக வரவில்லை.

இந்த வேலை தெரியாதவர்களுக்காக ஒரு விளக்கம். ஒரு ஆபீஸுக்குள் எத்தனை கம்ப்யூட்டர் இருந்தாலும் வெளியே தெரிவது ஒரே முகவரிதான், அது ரூட்டருடையது. உள்ளேயிருந்து நாம் எதையாவது கேட்டால், யார் கேட்டது என்று ரூட்டர் ஞாபகம் வைத்திருந்து பதிலைக் கொண்டுவந்து கொடுத்துவிடும். வெளியிலிருந்து ஒருவர் தானாகத் தேடி வந்தால் யாரைப் பார்க்க வந்திருக்கிறார் என்று அதற்குத் தெரியாது. வாசலோடு திருப்பி அனுப்பிவிடும். அதனால் 'இந்த எண்ணைச் சொல்லிக்கொண்டு வருகிறவரை இந்தக் கம்ப்யூட்டரிடம் அனுப்பு' என்று ரூட்டருக்குள் ஒரு வரி எழுதி வைப்போம். அந்த எண்ணுக்குப் பெயர் போர்ட். வரி எழுதுவதற்குப் பெயர் போர்ட் ஃபார்வர்டிங். எழுத ஒரு நிமிஷம் ஆகும். எழுதியது ஏன் வேலை செய்யவில்லை என்று கண்டுபிடிப்பதில்தான் என் சர்வீஸில் பெரும்பகுதி போனது.

நான் படித்தது பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ். முதலில் ஜவுளிக்கடைகளில் இன்டர்காம் ஒயர் இழுத்தேன். பிறகு அதே கடைகளில் கம்ப்யூட்டருக்கு ஒயர் இழுத்தேன். பிறகு அந்தக் கம்ப்யூட்டர்கள் ஒன்றோடொன்று பேசாதபோது என்னைக் கூப்பிட்டார்கள். நெட்வொர்க் இன்ஜினியர் என்று விசிட்டிங் கார்டில் போட்டது அதற்கப்புறம். வீட்டில் சௌராஷ்டிரம், வேலையில் தமிழ், ரூட்டருக்குள் இங்கிலீஷ் என்று மூன்று பாஷையில் நாள் ஓடும். கோபம் வந்தால் ரூட்டரை நான் சௌராஷ்டிரத்தில்தான் திட்டுவேன். பக்கத்தில் நிற்கும் கஸ்டமருக்குப் புரியாது என்பது ஒரு சௌகரியம்.

ஆரம்ப நாட்களில் பார்த்த ஒரு கேஸ் சொல்கிறேன். மதுரையில் ஒரு ஆடிட்டர். ஆபீஸ் சர்வரில் இருக்கும் ஃபைல்களை வீட்டிலிருந்து பார்க்க வேறு யாரோ அவருக்கு ஏற்பாடு செய்து கொடுத்திருந்தார்கள். நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஒருநாள் காலையில் கூப்பிட்டார். "என்னங்க இது, நான் கிளையன்ட் ஃபைலைக் கேட்டா, மை தீரப்போகுது, பேப்பர் இல்லேனு சொல்லுது?"

போய்ப் பார்த்தால் விஷயம் இதுதான். முதல் நாள் ஏரியா முழுக்கக் கரண்ட் போய் வந்திருக்கிறது. கரண்ட் வந்ததும் ஆபீஸில் இருந்த ஒவ்வொன்றும் ரூட்டரிடம் எனக்கொரு நம்பர் கொடு என்று கேட்டிருக்கிறது. சர்வர் எழுந்திருக்க நேரமாகும்; பிரின்டர் சட்டென்று எழுந்துவிடும். சர்வரின் பழைய நம்பர் பிரின்டருக்குப் போய்விட்டது. ரூட்டரில் இருந்த வரி மாறவில்லை. வீட்டிலிருந்து வந்த ஆடிட்டரை ஒழுங்காகப் பிரின்டரின் பக்கத்துக்குக் கூட்டிக்கொண்டு போய் விட்டிருக்கிறது. சர்வருக்கு மாறாத நம்பர் ஒன்றைக் கொடுத்ததும் சரியாகிவிட்டது. ஆடிட்டர் மட்டும் கடைசிவரை நம்பவில்லை. பிரின்டரை மாற்றிவிட்டார்.

இனி பத்மினி மேடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். சர்வீஸின் பின்பாதியில் அவர்தான் எனக்கு மேலதிகாரி. என்னைவிட வயதில் இளையவர். கோயில் அர்ச்சகர் வீட்டுப் பெண். அவர் வந்து சேர்ந்த புதிதில், பொம்பளைப் பிள்ளைக்குக் கீழே வேலை பார்ப்பதா என்று எங்களில் சிலர் டீக்கடையில் பேசினார்கள். அந்தப் பேச்சு சீக்கிரமே நின்றது. அவரிடம் திட்டு வாங்குவதற்குக்கூட வழியில்லை. திட்டவே மாட்டார்.

போனில் ஹலோ கிடையாது. "சொல்லுங்க" என்பார். நாம் சொல்லி முடித்த பிறகும் பேச மாட்டார். நாம் எதையோ விட்டுவிட்டோம் என்பது அந்த மௌனத்திலேயே நமக்குத் தெரிந்துவிடும். "வேலை செய்யலை மேடம்" என்று ஆரம்பித்தால், "எங்கேருந்து பாத்தப்போ?" என்று கேட்பார். "செட்டிங் எல்லாம் சரியா இருக்கு" என்றால், "படிங்க" என்பார். திரையில் இருப்பதை ஒவ்வொரு எண்ணாக, புள்ளி உட்படப் படிக்க வேண்டும். பாதி கேஸ்கள் அப்படிப் படிக்கும்போதே முடிந்துவிடும். படிக்கிறவன் வாய்க்கே தப்பு தட்டுப்படும்.

இன்னொரு பழக்கமும் உண்டு. கஸ்டமர் முன்னால் எங்களை ஒரு வார்த்தை திருத்த மாட்டார். நாங்கள் தப்பாக ஏதாவது சொல்லிவிட்டால், "ரெங்கநாதன் சார், வண்டியில ஸ்க்ரூடிரைவர் இருக்கானு பாத்துட்டு வந்துருவோமா?" என்பார். ஸ்க்ரூடிரைவர் என் சட்டைப் பையிலேயே இருக்கும். வண்டிக்குப் போவோம். அங்கே நின்று இரண்டு வரியில் விஷயத்தைச் சொல்லிவிட்டு மறுபடி உள்ளே வருவார்.

வெளி ஆட்களுக்குக் கதவு திறந்துவிடுகிற வேலை என்பதால் பாஸ்வேர்டு விஷயத்தில் கறாராக இருப்பார். தயாரித்த கம்பெனியிலிருந்து வரும்போதே இருக்கும் பாஸ்வேர்டோடு எந்தப் பெட்டிக்கும் போர்ட் திறந்துவிட எங்களுக்கு அனுமதி இல்லை. முதலில் அதை மாற்ற வேண்டும். மாற்றியதைக் கஸ்டமர் ஆபீஸில் ஒரு பொறுப்பான ஆளிடம் சொல்ல வேண்டும். அதற்கப்புறம்தான் போர்ட்.

வாடிப்பட்டி கேஸுக்கு வருகிறேன். அங்கே திண்டுக்கல் ரோட்டில் ஒரு ஸ்கேன் சென்டர். முதலாளி தங்கராசு டாக்டர் இல்லை. முன்பு லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருந்தவர். சுற்று வட்டாரத்து ஜனங்கள் ஒரு ஸ்கேனுக்காக மதுரைக்கு ஓட வேண்டியிருக்கிறதே என்று யோசித்து அதை ஆரம்பித்தார். நல்ல யோசனைதான். ஆனால் ஸ்கேன் படத்தைப் பார்த்து ரிப்போர்ட் எழுத வேண்டிய டாக்டர் மதுரையில் இருந்தார். அதற்காக நாங்கள் சென்டரில் ஒரு சர்வர் வைத்து, போர்ட் ஃபார்வர்டு போட்டுக் கொடுத்திருந்தோம். வாடிப்பட்டியில் படம் எடுத்ததும் டாக்டர் மதுரையில் இருந்தபடியே திறந்து பார்ப்பார்; ரிப்போர்ட் வந்துவிடும். அங்கே எங்கள் வேலைக்குப் பொறுப்பான ஆள் ஸ்கேன் டெக்னீஷியன் முருகேஸ்வரி. ரூட்டர் பாஸ்வேர்டு அந்தப் பெண்ணிடம்தான் இருந்தது.

அந்தப் பெண்ணுக்கு மதுரையில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. தங்கராசுக்கு அது பிடிக்கவில்லை. இருந்தாலும் அவர் கேட்டபடி நோட்டீஸ் காலம் முழுக்க அந்தப் பெண் வேலை பார்த்து, ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் சாவியை ஒப்படைத்துவிட்டுப் போனது. மறுநாள் காலையில் டாக்டரால் சர்வரைத் திறக்க முடியவில்லை.

அந்தச் சனிக்கிழமை பைக்கிலிருந்து விழுந்த ஒருவரைத் தலைக்காயத்தோடு தூக்கி வந்திருக்கிறார்கள். படம் எடுத்தாயிற்று. பார்க்க டாக்டருக்கு வழியில்லை. ரிப்போர்ட் இல்லாமலேயே ஆம்புலன்ஸில் மதுரைக்கு அனுப்பியிருக்கிறார்கள். அவர் பிழைத்துக்கொண்டார். ஆனால் சென்டர் வாசலில் அவருடைய சொந்தக்காரர்கள் தங்கராசுவின் சட்டையைப் பிடித்துவிட்டார்கள். அந்த ஆத்திரம் திங்கட்கிழமை நான் போனபோதும் அவர் முகத்தில் இருந்தது.

"வாங்க சார். பாக்குறதுக்கு ஒண்ணுமில்ல. யாரு பண்ணதுனு தெரிஞ்சுபோச்சு. நீங்க எழுதிக் குடுத்தாப் போதும்."

"என்ன எழுதணும் சார்?"

"அந்தப் பொண்ணு போகையில பாஸ்வேர்ட மாத்தி லாக் பண்ணிட்டுப் போயிருச்சுனு. தெரிஞ்ச கம்ப்யூட்டர் கடைக்காரரைக் கூட்டியாந்து பாத்தாச்சு. அது சொல்லிட்டுப் போன பாஸ்வேர்டு ரூட்டருக்குள்ள போகல. உங்க லெட்டர வச்சு போலீஸ்ல குடுக்கப்போறேன். அது போயிருக்க ஆஸ்பத்திரிக்கும் போன் பண்ணிச் சொல்லிட்டேன், கவனமா இருங்கனு. அதோட ஒரிஜினல் சர்டிஃபிகேட்டெல்லாம் எங்கிட்டதான் இருக்கு. வந்து கேக்கட்டும்."

வேலையில் சேரும்போது ஒரிஜினல் சர்டிஃபிகேட்டுகளை வாங்கி வைத்துக்கொள்வது இங்கே பல இடங்களில் வழக்கம். புது ஆஸ்பத்திரியில் அதைக் கேட்பார்கள். இல்லையென்றால் சேர்க்க மாட்டார்கள். "மொதல்ல பாத்துர்றேன் சார்" என்று உள்ளே போனேன்.

வரிசைப்படி பார்த்தேன். சர்வர் ஓடிக்கொண்டிருந்தது. சர்வரிலேயே உட்கார்ந்து திறந்தால் படங்கள் வந்தன. ரிசப்ஷனில் இருந்த கம்ப்யூட்டரில் திறந்தேன், வந்தன. ரிசப்ஷனில் உட்கார்ந்திருந்த செல்வி என்ற பெண் எழுந்து எனக்கு நாற்காலியைக் கொடுத்துவிட்டுச் சுவரோரமாக நின்றது. என் போனில் வைஃபையை அணைத்துவிட்டு, சிம் வழியாக, அதாவது வெளி ஆளாக, திறந்து பார்த்தேன். வரவில்லை. ஆக சர்வரில் கோளாறு இல்லை, வாசலில்தான் கோளாறு.

ரூட்டருக்குப் போனேன். முருகேஸ்வரியின் பாஸ்வேர்டு உண்மையிலேயே போகவில்லை. பின்னால் நின்ற தங்கராசு, "நான் சொல்லல?" என்றார்.

வாசலுக்கு வந்து பத்மினி மேடத்துக்குப் போன் செய்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். பிறகு, "அந்தப் பெட்டியக் கடைசியா யாரு பாத்தது?" என்றார்.

"முருகேஸ்வரி."

"அவங்கள்ட்ட கேட்டீங்களா?"

"அதுகிட்டப் பேசக்கூடாதுங்குறாரு மேடம்."

"அவர் ரூம்ல வச்சுப் பேச வேண்டாம். பஸ் ஸ்டாப்ல வச்சுப் பேசுங்க."

பஸ் ஸ்டாப்புக்கு நடந்து போய்க் கூப்பிட்டேன். முருகேஸ்வரி முதல் மணியிலேயே எடுத்தது. நான் யார் என்று சொன்னதும், "சார், நான் எதையும் மாத்தல சார். அந்தப் பாஸ்வேர்ட சர்வர் மேசையிலயே ஒட்டி வச்சுட்டுத்தான் வந்தேன்" என்றது. குரல் அழுது முடித்த குரலாக இருந்தது. "ஆஸ்பத்திரியில ஒரிஜினலோட வா, அப்பறம் பாப்போம்னு திருப்பி அனுப்பிட்டாங்க. எங்கப்பாவே கேக்குறாரு சார், 'நெசமாவே நீ ஒண்ணும் பண்ணலையா?'னு. அவரு கேக்குறதுதான் சார் தாங்க முடியல."

எனக்குத் தெரிந்ததைத்தான் கேட்க முடியும். "ரூட்டர்ல ஏதாச்சும் கோளாறு இருந்துச்சாம்மா? கடைசி நாள்ல விட்டு விட்டு வந்துச்சா?"

"இல்ல சார். நல்லாத்தான் ஓடுச்சு. ஒரு ஆன்டெனா மட்டும் ஒடஞ்சிருக்கும். வெள்ளையடிக்க வந்தவங்க ஏணியப் போட்டு ஒடச்சுட்டாங்க. நாந்தான் நீல டேப்பு சுத்தி நிப்பாட்டி வச்சேன்."

"எந்தப் பக்கத்து ஆன்டெனா?"

"கதவுப் பக்கம்."

நான் ஒரு மணி நேரமாக அந்தப் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தவன். அதில் எந்தப் பக்கமும் நீல டேப் இல்லை. இரண்டு ஆன்டெனாவும் நேராக நின்றன.

திரும்பிப் போய் ரூட்டரைச் சுவரிலிருந்து கழற்றினேன். பின்பக்கத்து ஸ்டிக்கரில் கம்பெனி போட்டு அனுப்பிய பாஸ்வேர்டு அச்சடித்திருந்தது. அதை அடித்தேன், உள்ளே போயிற்று. உள்ளே எங்கள் வரி இல்லை. அது மட்டுமா, நாங்கள் எழுதி வைத்திருந்த எதுவுமே இல்லை. ஒருவர் கோபத்தில் ஒன்றை அழித்தால் அதை மட்டும் அழிப்பார்; மற்றது மிச்சமிருக்கும். இது அழித்த பெட்டி இல்லை. புதுப் பெட்டி. பழைய பெட்டி மாட்டியிருந்த இடத்தில் சுவரில் வெள்ளையடிக்காத ஒரு கட்டம் தெரிந்தது. புதுப் பெட்டி அதைவிடக் கொஞ்சம் சின்னது.

வைஃபை பெயரும் வைஃபை பாஸ்வேர்டும் மட்டும் பழையதாகவே இருந்தன. அதனால்தான் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. எல்லார் போனும் தானாக ஒட்டிக்கொண்டது.

தங்கராசு போனில் பேசிக்கொண்டு வெளியே போயிருந்தார். செல்வி டீ கொண்டுவந்து வைத்தது. வைத்துவிட்டுப் போகவில்லை.

"சார், அதுக்கு வேலை போயிருமா?"

"யாருக்கு?"

"முருகேஸ்வரிக்கு. போலீசுனு சொல்றாரு."

நான் டம்ளரைக் கையில் எடுத்தேன். செல்வி வாசலை ஒருதரம் பார்த்துக்கொண்டது. "வெள்ளிக்கிழமை சாயங்காலம் நெட் கம்பெனியிலேருந்து ஒரு ஆளு வந்தாரு சார். இந்த ஏரியாவுக்கே புது லைன் மாத்துறோம், பாக்ஸ மாத்தணும்னாரு. வைஃபை பேரும் பாஸ்வேர்டும் கேட்டாரு, சொன்னேன். கொஞ்ச நேரத்துல போயிட்டாரு. முதலாளி ஊர்ல இல்ல. அவரக் கேக்காம அந்த ரூமத் தொறக்கக்கூடாதுனு சொல்லியிருக்காரு, நாந்தான் தொறந்து விட்டேன். போன வருசம் இப்பிடித் தொறந்து விட்டதுக்குத்தான் வாட்ச்மேன் அண்ணன நிப்பாட்டுனாரு. எனக்கு ரெண்டு பிள்ளைக சார். அதுக்கு வேலை போயிரும்னு தெரிஞ்சிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பேன். இப்ப எம்புட்டு தூரம் போயிருச்சு. இனிமே எப்பிடிச் சொல்றதுனு தெரியல."

டீ ஆறிப்போயிருந்தது. நான் குடித்தேன். "போய் டோக்கனப் பாருங்கம்மா" என்றேன்.

பாஸ்வேர்டை மாற்றினேன். போர்ட் வரியை எழுதினேன். சர்வரின் எண்ணைப் படித்துச் சரிபார்த்தேன். வெளியே வந்து என் சிம்மிலிருந்து திறந்தேன். அப்போதும் வரவில்லை.

இந்த வேலையில் இதுதான் மோசமான நேரம். காரணம் கிடைத்துவிட்டது என்று மனசு முடிவு செய்துவிட்டது. பெட்டி அதை ஒத்துக்கொள்ளவில்லை. தங்கராசு வேறு திரும்பி வந்துவிட்டார். "என்ன சார், பெட்டியே மாறிருச்சுங்குறீங்க, போர்ட்டு போட்டுட்டேங்குறீங்க, இன்னும் வரலையே? அந்தப் பொண்ணு சர்வருக்குள்ளயும் ஏதோ பண்ணிருக்கு."

மேடத்தைக் கூப்பிட்டேன். "ரூட்டர் தன்னோட வெளி முகவரினு எதச் சொல்லுது? படிங்க" என்றார். படித்தேன். நூறில் ஆரம்பித்தது. "இப்ப சர்வர்ல உக்காந்து, வெளியேருந்து பாத்தா நம்ம முகவரி என்னனு பாருங்க. படிங்க." அதற்கென்று இருக்கும் இணையப் பக்கத்தைத் திறந்து படித்தேன். இரண்டும் வேறு வேறு.

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு கேட்டது. அவரிடம் நான் கேட்ட ஒரே பெருமூச்சு அதுதான்.

வெளி முகவரிகள் உலகத்தில் பற்றாக்குறை. அதனால் நெட் கம்பெனிகள் பல வீடுகளையும் கடைகளையும் சேர்த்து ஒரே முகவரிக்குப் பின்னால் வைத்துவிடுகின்றன. படம் பார்க்க, பாட்டுக் கேட்க அது போதும். யாருக்கும் வித்தியாசம் தெரியாது. ஆனால் வெளியிலிருந்து நம்மைத் தேடி வருகிறவர் கம்பெனியின் பெரிய ரூட்டரிலேயே நின்றுவிடுவார். நம் ரூட்டர் வரைக்கும் வரவே மாட்டார். நம் பெட்டியில் என்ன எழுதி வைத்திருந்தாலும் அதைப் படிக்க ஆள் வராது. அந்த வெள்ளிக்கிழமை வாடிப்பட்டியின் அந்தப் பகுதி முழுவதையும் அப்படி மாற்றியிருக்கிறார்கள். பெட்டியை மாற்றியதும் அதற்காகத்தான். முருகேஸ்வரி சாவியைக் கொடுத்துவிட்டுப் போனதும் அதே நாளில் என்பது அதனுடைய கெட்ட நேரம்.

தங்கராசு ரிப்போர்ட்டைக் கேட்டு நின்றார். "பாஸ்வேர்டு மாத்தியிருந்துச்சுங்குறது உண்மைதான சார்? அத மட்டும் எழுதுங்க. மத்தத நான் பாத்துக்கிறேன்."

நான் மறுபடி வாசலுக்குப் போய் மேடத்திடம் கேட்டேன். செல்வி சொன்னதையும் சொன்னேன். "நீங்க பாத்தத எழுதுங்க" என்றார். "பெட்டி மாறியிருக்கு. முகவரி மாறியிருக்கு. ரெண்டையும் நீங்க பாத்தீங்க. யாரு சொன்னா, யாரு தொறந்தாங்குறதெல்லாம் நம்ம வேலையில சேராது."

அப்படியே எழுதினேன். பழைய ரூட்டர் அங்கே இல்லை. இருப்பது வேறு ரூட்டர். அதில் இருப்பது அதன் சொந்தப் பாஸ்வேர்டு. இணைப்பு பொது முகவரியில் இல்லை, பகிர்ந்த முகவரியில் இருக்கிறது. தங்கராசு வாங்கிப் படித்தார். படிக்கப் படிக்க அவர் கழுத்து சிவந்தது.

"இதுல அந்தப் பொண்ணு பேரே இல்லையே?"

"அது பண்ணதா நான் எதையும் பாக்கல சார்."

"உங்களுக்கு கான்ட்ராக்ட்டு குடுக்குறது நானு. ஞாபகம் இருக்கட்டும்."

இருக்கட்டும் என்றுதான் நானும் நினைத்தேன்.

தனி முகவரி வாங்குவது அடுத்த பாடு. நெட் கம்பெனிக்குப் போன் செய்தால், எல்லாப் போர்ட்டும் திறந்துதான் இருக்கிறது, ரூட்டரை அணைத்துப் போடுங்கள் என்றார்கள். அணைத்துப் போட்டேன் என்றால், இன்னொருதரம் போடுங்கள் என்றார்கள். அதற்குள் மேடம் ஒரு தற்காலிக வழி செய்தார். வெளியிலிருந்துதானே வர முடியாது, உள்ளேயிருந்து போகலாமே என்று, வாடிப்பட்டி சர்வரே எங்கள் மதுரை ஆபீஸுக்குப் படங்களைத் தள்ளிவிடும்படி செய்து, டாக்டரை அங்கிருந்து எடுத்துக்கொள்ளச் சொன்னார். மெதுவாக வந்தது. ஆனாலும் வந்தது. நெட் கம்பெனியோடும் அவரே பேசினார். மூன்றாம் ஆள் வரைக்கும் மேலே போய், ரூட்டர் சொல்லும் எண்ணையும் வெளியே தெரியும் எண்ணையும் புள்ளி விடாமல் படித்துக் காட்டியிருக்கிறார். அந்த வாரக் கடைசியில் தனி முகவரி கொடுத்தார்கள்.

அன்றைக்கு மேடமும் என்னோடு வாடிப்பட்டிக்கு வந்தார். புது முகவரியைப் போட்டோம். என் சிம்மிலிருந்து திறந்தேன், திறந்தது. மதுரையில் டாக்டர் திறந்தார். முந்தின நாள் எடுத்த ஒரு முழங்கால் படத்தை வைத்துப் பேசவே ஆரம்பித்துவிட்டார். தங்கராசு ஒரு நாற்காலியில் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவர் கெட்டவர் இல்லை. சட்டையைப் பிடித்தவர்களுக்குச் சொல்ல அவருக்கு ஒரு பெயர் தேவைப்பட்டிருந்தது, அவ்வளவுதான்.

மேடம் தாழ்ந்த குரலில் கேட்டார். "சார், போலீஸ் கம்ப்ளெய்ன்ட் குடுக்கலையே?"

"இல்ல மேடம். உங்க ரிப்போர்ட்ட வச்சுக்கிட்டு எதக் குடுக்குறது?"

"அந்த ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணீங்களே, அது ஒண்ணு மிச்சம் இருக்கு."

தங்கராசு எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார். "அந்தப் பிள்ளைக்குச் சர்டிஃபிகேட்டக் குடுத்துருவோம். வரச் சொல்லிருக்கேன், வந்துக்கிட்டிருக்கு" என்றார்.

"குடுங்க சார். போனும் பண்ணிருங்க."

அவர் போனை எடுக்கவில்லை. மேடமும் நகரவில்லை. கஸ்டமரிடம் இத்தனை நேரம் பேசாமல் நின்று அவரை நான் பார்த்ததில்லை. எனக்கே எங்காவது போய் ஸ்க்ரூடிரைவர் தேடலாம் போல இருந்தது.

முருகேஸ்வரி உள்ளே வந்தது. கூடவே வேட்டி கட்டிய ஒரு மனிதர், அதனுடைய அப்பா. வந்தவர்களை உட்காரச் சொன்ன தங்கராசு, பீரோவைத் திறந்து பிளாஸ்டிக் கவரை எடுத்துக் கொடுத்தார். அந்தப் பெண் ஒவ்வொரு தாளாக எடுத்துப் பார்த்து மறுபடி உள்ளே வைத்தது. அப்பா நின்றுகொண்டே இருந்தார்.

"நெட்டுக்காரன் பண்ண வேலையாம்மா" என்றார் தங்கராசு.

"சரிங்க சார்" என்றது.

அப்பாவுக்கு அது போதவில்லை. "அய்யா, எம்பிள்ள பண்ணலைல? அத உங்க வாயால ஒருதரம் சொல்லிருங்க. நான் அதுக்காகத்தான் கூட வந்தேன்."

தங்கராசு அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு போனை எடுத்தார். ஸ்பீக்கரில் போட்டார். எடுத்தது ஆஸ்பத்திரி மேனேஜர். "வாடிப்பட்டி ஸ்கேன் சென்டர்லேருந்து தங்கராசு பேசுறேன். அன்னைக்கு அந்தப் பொண்ணப் பத்தி ஒண்ணு சொன்னேன்ல... அது தப்பு. அது மேல எந்தத் தப்பும் இல்ல. நல்லா வேலை பாக்குற பிள்ள." அந்தப் பக்கத்தில், சரி சார், நாளைக்கே வரச் சொல்லுங்க என்றார்கள். முருகேஸ்வரியின் அப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டார். அந்தப் பெண் எங்களைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் பின்னாலேயே ஓடியது. பஸ் ஸ்டாப்பில் போனில் கேட்ட அழுகை அந்த முகத்தில் இன்னும் இருக்கிறதா என்று நான் பார்ப்பதற்குள் போய்விட்டது.

நானும் ஒயர்களைச் சுருட்டி வண்டியில் வைக்கக் கிளம்பினேன். தங்கராசு ரிசப்ஷன் வரைக்கும் கூடவே வந்தார். மனசு லேசாகியிருந்தது, பேச்சும் பழையபடி வந்துவிட்டது.

"சார், ஒண்ணு மட்டும் எனக்கு இன்னும் வெளங்கல. நான் ஊர்ல இல்ல. ரூம் பூட்டியிருக்கு. அந்தப் பொண்ணும் மத்தியானமே போயிருச்சு. அப்ப அந்த நெட்டுக்காரனுக்கு ரூமத் தொறந்து விட்டது யாரு?"

செல்வி டோக்கனில் பெயர் எழுதிக்கொண்டிருந்தது. பேனா பாதி எழுத்தில் நின்றது. தலை நிமிரவில்லை. பெஞ்சில் காத்திருந்த ஒரு கிழவர் மட்டும் எங்களை வேடிக்கை பார்த்தார். மேடம் வெளியே வண்டிக்குப் பக்கத்தில் நின்றிருந்தார்.

"அது ரூட்டர்ல பதிவாகாது சார்" என்றேன்.

தங்கராசு தலையை ஆட்டிக்கொண்டார். அதுவும் ஒரு தொழில்நுட்ப விஷயம் என்று எடுத்துக்கொண்டார் போலிருக்கிறது. செல்வி அந்தப் பெயரை எழுதி முடித்து, அடுத்த ஆளைக் கூப்பிட்டது.